ட்ரெய்னிங் மாமாவின் குடும்பம்

தமிழ்நாட்டின் எந்த மூலையில் ஊரமைப்பு பற்றிப் பயிற்சி வகுப்பு நடந்தாலும், குத்துவிளக்குக்குத் திரி போடுகிற ஆள் வருவதற்கு முன்பே முதல் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். நாகர்கோவிலில் வகுப்பா, கிருஷ்ணகிரியில் வகுப்பா, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் நிற்காத குரூப் போட்டோவுக்கு கேமரா கிளிக்கே ஆகாது என்று எங்கள் துறையில் சத்தியம் செய்வார்கள். அவர் எங்கள் கடலூர் அலுவலகத்து ஆசாமி. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் ட்ரெய்னிங் மாமா.

எங்கள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எது வீட்டுமனை, எது கடைத்தெரு, ரோடு எந்தப் பக்கம் போகணும், எந்தக் குளத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று வரைபடத்தில் கலர் அடித்துச் சொல்ல வேண்டும். அடித்த கலரை மக்கள் மதிக்கிறார்களா என்பது வேறு கதை. காலம் மாறுகிறது, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேலிடம் அவ்வப்போது எங்களைப் பயிற்சிக்குக் கூப்பிடும். அந்தச் சுற்றறிக்கை வந்தவுடன் எங்கள் அலுவலகத்தைப் பார்க்கணுமே! நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருந்தவருக்குத் திடீரென்று பிரஷர் ஏறும். வரைவாளர் செல்வம் உடனே மச்சினிச்சி குழந்தைக்குக் காது குத்து என்பான். அவன் குத்திய கணக்குக்கு அந்தக் குழந்தையின் காதில் இடமே மிச்சம் இருக்காது. எனக்கு இருக்கவே இருக்கிறது மாமியாரின் மூட்டுவலி. அந்த வலியால் அவரைவிட அதிகம் பலனடைந்தது நான்தான்.

எல்லோரும் இப்படி முனகிக்கொண்டிருக்கும்போது மூலை மேசையிலிருந்து ஒரு குரல் வரும்.

"யாரும் போவலன்னா நான் போறேன் சார்."

"எதைப் பத்தின ட்ரெய்னிங்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்பேன்.

"அது போனா தெரிஞ்சிடப்போவுது. ரூம் ஷேரிங்தானேம்மா?"

ஷேரிங் என்றால் மற்ற அலுவலர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். குறட்டை விடுகிறவன் வந்து மாட்டினால் என்ன செய்வது என்று கவலைப்படுவார்கள். மாமாவோ, தனி அறை கொடுத்துவிட்டால் வரவேற்பு மேசையில் போய்ச் சண்டை போட்டு ஷேரிங் வாங்குவார். மனுஷன் ஒரு மாதிரிதான் என்று நாங்கள் சிரிப்போம்.

ஒருமுறை பெண் அலுவலர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி வந்தது. போக வேண்டியது நான். நான் வழக்கம்போல மாமியாரின் மூட்டைப் பிடித்துக்கொண்டேன். பதிலுக்கு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலிடம் சொன்னது. மாமா என் அடையாள அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு போய்விட்டார். குரூப் போட்டோ வந்தது. பட்டும் சுங்குடியுமாகச் சேலைகள் வரிசை கட்டி நிற்க, நடுவில் ஒரு கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையின் நெஞ்சில் என் பெயர்! முகமோ மாப்பிள்ளைக் களையில் இருந்தது.

"வெக்கமா இல்லையா சார்?"

"என்னத்துக்கு வெக்கம்? அவுங்க என்னா அன்பா பேசிக்கிட்டாங்க தெரியுமா? ஒரு அம்மா எனக்கு வடகம் போட சொல்லிக் குடுத்தாங்க."

பயிற்சிக்குப் போய் சும்மா வந்தாலும் பரவாயில்லை. கற்றதையெல்லாம் எங்கள் மேல் பிரயோகித்துப் பார்ப்பார். ஒருநாள் டீ வாங்கப் போன ஆளைத் தடுத்து நிறுத்திவிட்டார். "டீயா காபியான்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. மக்கள் பங்கேற்பு வேணும்" என்று ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கொடுத்து, விருப்பத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டி, பிரித்து, தொகுத்து முடிப்பதற்குள் மஞ்சக்குப்பம் டீக்கடையில் பால் தீர்ந்துபோயிற்று.

அதைவிடப் பெரிய கூத்து கீரப்பாளையம் பக்கத்து கிராமம் ஒன்றில் நடந்தது. ஊர் மக்களே கோலப்பொடியால் தங்கள் ஊர்ப்படத்தைத் தரையில் வரைய வேண்டும், அப்போதுதான் அவர்கள் தேவை நமக்குப் புரியும் என்பது அவர் கற்றுவந்த புது முறை. நல்ல முறைதான். மாமா பை நிறைய கோலப்பொடியோடு இறங்கினார். முதலில் ஒருத்தர் ஆர்வமாகக் குனிந்து தன் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பைப் பக்கத்து வயல்காரன் பக்கமாக நகர்த்தி வரைந்தார். அந்த வயல்காரர் காலாலேயே வரப்பை அழித்தார். ஓர் அம்மாள், தனக்கும் ஓரகத்திக்கும் பேச்சுவார்த்தை இல்லாத கோபத்தில், புது ரோட்டை ஓரகத்தி வீட்டு மாட்டுக்கொட்டகை வழியாக நேராக இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேர் தலையிலும் கோலப்பொடி.

"சார், இது மக்கள் பங்கேற்பு இல்ல, மக்கள் பாகப்பிரிவினை. வாங்க ஓடிடலாம்" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். மாமா அசையவில்லை. மீசையெல்லாம் வெள்ளையாக, "பாரும்மா, எவ்ளோ ஜனம்! எல்லாம் எப்படிக் கலகலன்னு இருக்காங்க!" என்றார்.

அப்போதுதான் எனக்கு லேசாகப் பொறி தட்டியது. இந்த மனிதருக்குப் பயிற்சியும் வேண்டாம், ஊரமைப்பும் வேண்டாம். ஆள் வேண்டும். சுற்றி ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் திருப்பாப்புலியூரில் ஒரு மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அந்த மாடிப்படியில் அவரைத் தவிர வேறு யாரும் ஏறியதாக நாங்கள் கேள்விப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்துக்கு வந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடலூருக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் கட்டுப்பாட்டு அறைப் பணிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார். நாங்கள் எல்லோரும் கடவுளே கடவுளே என்று கிடப்போம். அவர் அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் அவித்த மல்லாட்டையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புயல் கரையைக் கடந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவிப்பு வந்ததும் ஊரே மூச்சு விடும். மாமாவின் முகம் மட்டும் வாடிவிடும்.

இதற்கு நடுவே அலுவலகத்துக்கு விசித்திரமான போன்கள் வர ஆரம்பித்தன. வெளி மாவட்டங்களிலிருந்து அவரோடு பயிற்சியில் இருந்தவர்கள் கூப்பிடுவார்கள். "சார் பொண்ணுக்கு வரன் அமைஞ்சிடுச்சா?" என்பார் ஒருத்தர். "பையனுக்கு விசா வந்துடுச்சா?" என்பார் இன்னொருத்தர். செல்வம் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "அக்கா, மாமாவுக்கு ஏது பொண்ணு?" என்று கண்ணை உருட்டுவான். ராங் நம்பர் என்று வைத்துவிடச் சொல்வேன்.

மர்மம் சிதம்பரத்தில் உடைந்தது. மாமா ஓய்வு பெறவிருந்த மாதம் அங்கே ஓர் ஓட்டலில் பயிற்சி. இந்த முறை எல்லோரும் வந்தே ஆகவேண்டும், பதிலாள் செல்லாது என்று உத்தரவு. மாமியாரின் மூட்டு முதல்முறையாகத் தோற்றது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இதாம்மா கடேசி. இதுக்கப்பறம் எவன் என்னைக் கூப்புடப் போறான்?" என்றார். வழக்கம்போலக் கிண்டல் செய்யாமல், மல்லாட்டைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

காலைச் சிற்றுண்டியில் பொங்கல். திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் தட்டோடு ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி! துபாய்ல பையன் சொகமா இருக்கானா?"

அவருக்குப் பின்னால் நின்ற ஈரோட்டுக்காரர் பொங்கலை விழுங்கிவிட்டு, "பையனுங்களா? அண்ணனுக்கு ரெண்டும் பொண்ணாச்சுங்களே!" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. "சட்னி வாங்கிட்டு வரேன்" என்று போனவர் திரும்பவே இல்லை. அவர் வைத்துவிட்டுப் போன தட்டில் சட்னி நிறையவே இருந்தது.

"ஆளு சரியான பொய்யன்வே. இன்னைக்கு வகுப்புல வச்சுக் கேட்டுருவோம்" என்று திருநெல்வேலிக்காரர் கண்ணடித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மாமாவுக்கு அது விளையாட்டா? வாழ்நாளில் அவர் சேர்த்த சிநேகிதம் அத்தனையும் அந்த அறைக்குள்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் குட்டு உடைந்து, சிரிப்பாகச் சிரித்து, அதோடு அவர் அந்த மாடிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எங்கள் பயிற்சிகளில் முதல் மணி நேரத்துக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்து, பிறகு எழுந்து அவரைச் சபைக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சென்னையிலிருந்து வந்த பயிற்றுநர், சின்னப் பெண், கையைத் தட்டி ஆரம்பித்து வைத்தாள். மாமா சரித்திரத்தில் முதல்முறையாகக் கடைசி வரிசையில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க சார். குடும்பம்?"

"உள்ளதைச் சொல்லிடும்மா. போதும்."

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

கடைவாயில் ஒரு மல்லாட்டையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மொத ட்ரெய்னிங்ல உள்ளதைத்தான் சொன்னேன். தனி ஆளு, யாருமில்லன்னு. பக்கத்துல இருந்தவன் 'ஓ அப்படியா'ன்னு பேனாவ மூடிட்டான். அதுக்கு மேல கேக்க அவனுக்கு ஒண்ணுமில்ல. மறு தடவ சும்மா ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொல்லிப் பாத்தேன். என்ன படிக்குது, எங்க குடுத்தீங்க, மாப்ள எப்படின்னு சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் பேசினான்மா. ராத்திரி ரூம்லயும் வந்து பேசினான்."

எங்கள் வீட்டில் ஒரு நிமிஷம் வாயை மூடுங்கள் என்று நான் கத்தாத நாள் கிடையாது. இந்த மனிதர் ஒரு கேள்விக்காகப் பெண்ணையே பெற்றிருக்கிறார்!

எங்கள் முறை வந்தது. எழுந்து நின்றேன். திருநெல்வேலியும் ஈரோடும் திரும்பிப் பார்த்துச் சிரித்தன.

"சாருக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். பையன் துபாய்ல" என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

முன்வரிசையில் ஒரு குரல். "கோயமுத்தூர் ட்ரெய்னிங்ல ட்வின்ஸ்னு சொன்னாரே மேடம்?"

"ஆமாங்க. பொண்ணுங்க ரெண்டும் ட்வின்ஸ்."

"சம்சாரம் டீச்சருன்னு என்கிட்ட சொன்னாரு," என்றார் இன்னொருத்தர். "இல்லையே, நர்ஸு!" என்றார் அடுத்தவர்.

"நர்ஸுங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல டீச்சர்" என்றேன், கண்ணை இமைக்காமல்.

ஈரோட்டுக்காரர், "நல்ல நெறைஞ்ச குடும்பமுங்க" என்று பெருமூச்சு விட்டார். பயிற்றுநர்ப் பெண் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

பதிலுக்கு மாமா என்னை அறிமுகப்படுத்த வேண்டும். எந்த மேடையிலும் திணறாத மனிதர், எழுந்து நின்று வேட்டி நுனியைப் போல மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"இவுங்க எங்க ஆபீஸு. வாயி கொஞ்சம் ஜாஸ்தி." சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்ல எல்லாருக்கும் இவுங்கன்னா உசுரு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டில் எல்லோரும் என்றால் எத்தனை பேர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதெல்லாம் சுற்றறிக்கை வந்தால் நானே பெயர் கொடுக்கிறேன். மாமியார் தன் மூட்டுவலிக்கு என்ன ஆயிற்று என்று சந்தேகமாகப் பார்க்கிறார். போகிற இடமெல்லாம் மாமாவைக் கேட்கிறார்கள். நானும் சளைக்காமல் பதில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் அவருக்குப் போன் போடுவேன். முதல் மணியிலேயே எடுப்பார்.

போன வாரம் ஒரு பயிற்சியில் திருநெல்வேலிக்காரரை மறுபடி பார்த்தேன். இடைவேளையில் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"சார், திருநெல்வேலிக்காரரு உங்க பேரப்புள்ளைங்களக் கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"பேத்தி நடக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு சொன்னேன்."

மறுமுனையில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"பேரு என்னாம்மா வெச்சிருக்கோம்?"

"இன்னும் வெக்கல சார். ஞாயித்துக்கிழமை நான் வரேன், உக்காந்து யோசிப்போம்" என்றேன்.