கிளேபாங் மாமரத்தில் நானும் ஒரு கடற்கழுகும்

இரவல் கேமராவைப் போல ஒரு மனிதனைக் கெடுக்கும் பொருள் வேறு கிடையாது. சொந்தக் கேமரா என்றால் பிலிம் தீர்ந்துவிடுமே என்ற பயமாவது இருக்கும். இரவல் கேமரா கழுத்தில் தொங்கினால் பயம் போய், வாய் நீண்டுவிடும். எனக்கு அது தொங்குவதற்கு முன்பே நீண்டுவிட்டது.

மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், பெறவிருந்த சமயம். அதையொட்டி எங்கள் காஜா பெராங் பகுதி வாசகசாலையில் படக் கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். மற்றவர்கள் குழந்தை, கோயில், மாட்டுவண்டி என்று அடக்கமாகச் சொன்னார்கள். ஆபீஸ் குமாஸ்தாவான நான் மட்டும் எழுந்து நின்று, கூட்டில் உட்கார்ந்திருக்கும் கடற்கழுகைக் கொண்டுவருகிறேன் என்றேன். (அதுவரை நான் எடுத்திருந்த ஒரே பறவைப் படம் எங்கள் வீட்டுச் சேவல். அதிலும் தலை இல்லை.) செயலாளர் நடுச்சுவரில் இடம் ஒதுக்கி, அன்றைக்கே என் பெயரை எழுதி ஒட்டிவிட்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தக் காலிச் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த சீனர் ஒருவர், தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், வெள்ளரிக்காய் நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவை ஒரு நாளைக்குக் கொடுத்தார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு கொடுத்தார்.

துணைக்கு வந்தவன் நடராஜா. கம்போங் சிட்டிக்காரன்; பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட செட்டிகளின் குடியிருப்பு அது. கோயிலில் எங்களோடு விழுந்து கும்பிடுவான், ஆனால் பேச்செல்லாம் மலாய். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவன் தெருக்காரர்களின் நீள ஏணியை ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக சைக்கிளில் கிளேபாங் கடற்கரைக்குப் போனோம். அவன் வளைந்தால் நானும் வளைய வேண்டும். அவன் வளையப்போவதை எனக்கு ஏணிதான் சொல்லும், அதுவும் முதுகில்.

கடலோரச் சவுக்கு மரத்தின் உச்சியில் கூடு. பக்கத்தில் கிழட்டு மாமரம். அதன் கிளையில் சாக்கும் தழையும் கட்டி எனக்கு ஒரு மறைவிடம் செய்தோம். நடராஜாவிடம் ஒரு தந்திரம் இருந்தது.

"ஹெலாங் ஆள் எண்ண மாட்டான்" என்றான். ஹெலாங் என்றால் கழுகு. "ரெண்டு பேர் போறோம், ஒருத்தன் இறங்கறான். அவன் நினைப்பான், எல்லாம் போயாச்சு."

ஏணி நின்றால் சந்தேகம் வரும் என்று அதையும் எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் வந்து இறக்குவதாகப் பேச்சு.

கழுகு வந்தது. வெள்ளை வயிறு, சாம்பல் இறக்கை, காலில் நெளியும் கடற்பாம்பு. அப்படி ஒரு காட்சியை நான் மறுபடி பார்க்கவில்லை. அன்றும் சரியாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் அதே நொடியில்தான், மறைவிடத்தைக் கட்டும்போது நாங்கள் கலைத்திருந்த சிவப்பெறும்புக் கூட்டம் என் கால்சட்டைக்குள் வந்து சேர்ந்தது.

நான் போட்ட அலறலில் கழுகு பாம்பை விட்டுவிட்டது. பாம்பு என் சாக்குக் கூரைமேல் விழுந்தது. நான் கூரையோடு கிளைமேல் வெளியே வந்தேன்; பாம்பு நழுவிக் கீழே விழுந்து போய்விட்டது. கால்சட்டை முன்னமே கழன்று, எட்டாத கிளையில் எறும்புகளோடு தொங்கியது. கேமரா மட்டும் கழுத்தில் பத்திரமாக இருந்தது.

மத்தியானம் போனது. நடராஜா வரவில்லை. அந்த வாரம் ஊரெங்கும் கொடியும் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியைக் கண்டால் யாரும் விடுவதாயில்லை. நடராஜாவையும் ஏணியையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். கட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய், சாயங்காலம் தவுக்கே கடை வாசலில் ஏறியிருக்கிறான். தவுக்கே நிமிர்ந்து பார்த்து, தன் கேமரா எங்கே என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு என் ஞாபகமே வந்ததாம்.

அதற்குள் மரத்தடியில் மீனவர் குடும்பங்கள் எல்லாம் கூடிவிட்டன. மேலே என்ன செய்கிறாய் என்று மலாயில் கேட்டார்கள். பறவையைப் படம் பிடிக்கிறேன் என்றேன். அதற்குக் கால்சட்டை எதற்குக் கழற்ற வேண்டும் என்று ஒருவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரு மலாய் அம்மாள் மட்டும் மனமிரங்கி, நீளக் கழியின் நுனியில் கைலியைக் கட்டி நீட்டினார்.

அப்போதுதான் தவுக்கேயின் கார் ஏணியைச் சுமந்துகொண்டு வந்தது. இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"லென்ஸ் ஓகேயா?"

ஓகே என்றேன். அவர் நிம்மதியாக, தன்னிடமிருந்த இன்னொரு கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். நான் ஒரு கையைக் கைலிக்கு நீட்டி, விழாமலிருக்க மறு கையை விரித்தேன். எனக்கு நேர் மேலே, கூட்டுக்குத் திரும்பிய கழுகும் இறக்கையை விரித்தது.

என் பிலிமைக் கழுவினால் எல்லாம் வானம். ஒன்றில் மட்டும் என் முழங்கால், மிகத் துல்லியமாக. தவுக்கே எடுத்த படத்தைத்தான் செயலாளர் நடுச்சுவரில் மாட்டினார். உள்கால்சட்டையோடு ஒரு குமாஸ்தா, தலைக்கு மேல் கழுகு, கீழே பெரிய எழுத்தில் 'மெர்டேக்கா'. அந்தக் கண்காட்சியில் அதிகக் கூட்டம் அங்கேதான். என் மேலதிகாரி குடும்பத்தோடு வந்து பார்த்தார்.

பிற்பாடு என் கல்யாணத்தில் நான் மணவறைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் சபை நடுவே, "மாப்பிள்ளைய இறக்க ஏணி போயிருச்சா?" என்று விசாரித்தாராம். பெண் வீட்டார் அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். இன்றும் வீட்டுக்கு வர நேரமானால், என் மகள் டெலிபோனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

"அப்பா, இப்ப எந்த மரத்துல?" என்பாள்.