வாஷிங் மெஷின் மேல் எனக்கொரு பதவி

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகளான எங்கள் பெண், வாஷிங் மெஷின் ஆகிய நால்வரும் நலம். அங்கு தாங்களும் வீட்டில் உள்ளோரும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்காவது பெயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த வேண்டாம். “அந்த ஓட்டை டப்பாவை இன்னுமா தூக்கிப் போடலை?” என்று போனில் கேட்டீர்களே, அதே ஓட்டை டப்பாதான். தூக்கிப் போடவில்லை. இனி போடுவதாகவும் இல்லை. இந்த வீட்டில் வெகுகாலத்துக்குப் பிறகு என் பேச்சு எடுபட்டிருக்கிறது மச்சான். இதைப் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் புகுந்து பேசுவீர்கள். ஆகவே கடிதம்.

விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். கிடங்குக் கண்காணிப்பாளராக நான் இருந்தபோது என் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட வெளியே போனதில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாளே, வீட்டில் இருந்த ஓர் ஆணிகூட என்னை மதிக்கவில்லை. கூட்டும்போது உங்கள் தங்கை “காலைத் தூக்குங்க” என்பாள். துடைக்கும்போது மறுபடியும் “காலைத் தூக்குங்க” என்பாள். நாள் முழுக்க எனக்கு வந்த உத்தரவு அவ்வளவுதான். அப்படி இருக்கையில்தான் ஒருநாள் மெஷின் கிளம்பியது. துவைக்கும்போது அதுபோல் சாது கிடையாது. துணியைப் பிழிய ஆரம்பித்தால் போதும், வெறி பிடித்துவிடும். தடதடவென்று குதித்து, சுவரை விட்டுக் கிளம்பி, குளியலறை வாசலை நோக்கி நடக்கும். “யாராவது வந்து பிடிங்களேன்” என்று அவள் கத்த, நான் ஓடிப்போய், எதைப் பிடிப்பது என்று தெரியாமல், ஏறி உட்கார்ந்துவிட்டேன். மெஷின் கப்சிப். அன்று முதல் பிழியும் நேரத்தில் மேலே உட்கார்வது என் பொறுப்பாயிற்று. “என்னங்க, வாங்க, பிழியப் போகுது” என்று அவள் கூப்பிட்டால், கிடங்குச் சாவியைத் திரும்பக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும் எனக்கு.

நான் மேலே குலுங்கிக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் நின்று காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே பேசுவாள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். என் மீசை அவளுக்குக் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை என்பதும், நீச்சல் கற்றுக்கொள்ள அவளுக்கு இன்றும் ஆசை என்பதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தன. மாடி வீட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான் தெரியவந்தன. மறுநாளே மீசையை எடுத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

இதற்கு வேட்டு வைத்தது யார் தெரியுமா? சாட்சாத் நீங்கள். பிழியும் நேரம் பார்த்துப் போன் செய்தீர்கள். மரியாதைக்கு நான் இறங்கி வந்து எடுத்தேன். “சும்மாதான் கூப்பிட்டேன்” என்று ஆரம்பித்து உங்கள் முழங்கால் வலியை நீங்கள் முழங்கால் முழங்காலாக விவரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே மெஷின் கிளம்பி, குழாயைப் பிடுங்கிக்கொண்டு, குளியலறைக் கதவில் போய் முட்டி நின்றுவிட்டது. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே உங்கள் மருமகள். அலுவலகத்தில் அவளுக்கு அன்று முக்கியமான கூட்டமாம். நான் மெஷினை இழுக்க, அவள் கதவைத் தள்ள, தண்ணீர் கூடம் வரை போக, உங்கள் தங்கை கையில் துடைப்பத்தோடு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிற்க, ஒருவழியாகப் பெண் வெளியே வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கூடத்தில் நின்று தீர்ப்புச் சொன்னாள்: “இது போகணும். புதுசு வரணும்.” உங்கள் தங்கையைப் பார்த்தேன். அவள் “ம்” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைக்கு மூவரும் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் ஒரு புது மெஷினை ஓடவிட்டு, அதன் தலையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர் ஒன்றை வைத்தான். மெஷின் பிழிகிறது, பிழிகிறது, டம்ளரில் ஓர் அலைகூட இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். என் இடத்தை ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டதே! கேட்காமல் இருக்க முடியவில்லை. “இது மேல ஆள் உட்காரலாமா?” என்றேன். அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எதுக்கு சார்?” என்றான். உங்கள் மருமகள் அவசரமாக ஃபிரிட்ஜ் பார்க்கப் போய்விட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் வாதாடினேன். நன்றாக உழைத்த பொருளை ஒரு மெக்கானிக்கிடம்கூடக் காட்டாமல் வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயம், நாளைக்கு என்னையும் இப்படித்தான் தள்ளுவீர்களா என்று கேட்டேன். கடைசிக் கேள்வி வேலை செய்தது. மெக்கானிக் வரட்டும், தேறாது என்று அவர் சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை புதுசு என்று உடன்பாடாயிற்று.

இங்கேதான் என் சங்கடத்தைக் கவனிக்க வேண்டும். மெஷின் தேறாவிட்டால் என் பதவி போச்சு. முழுசாகத் தேறிவிட்டாலும் போச்சு. ஆகவே மெக்கானிக் வந்ததும் உங்கள் தங்கையை டீ போட அனுப்பிவிட்டு, அவர் காதோடு சொன்னேன்: “ஓடணும். ஆனா ஆடணும்.” மனிதர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். ஆடுகிற மெஷினை விட்டுவிட்டுப் போனால் தெருவில் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. பெல்ட்டை மாற்றினார், தண்ணீர் வெளியேற்றும் மோட்டாரை மாற்றினார், கடைசியாக அடியில் உள்ள நான்கு திருகு கால்களையும் சமமாக முடுக்கிவிட்டார். ஓடவிட்டால், பிழிகிற நேரத்தில் அது கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்கிறது! இன்னும் பல வருடம் உழைக்கும், புதுசு எதற்கு என்று அவர் சொல்ல, உங்கள் மருமகளும் ஒப்புக்கொண்டாள். மெஷின் பிழைத்தது. நான் பக்கத்தில் வெறுமனே நின்றேன். உங்கள் தங்கை என்னைக் கூப்பிடவில்லை. காலுறைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மெஷின் தலையைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு வெளியே வந்தேன் மச்சான்.

ஆனால் நான் யார்? கிடங்கையே கட்டி ஆண்டவன். மறுநாள் மதியம் உங்கள் தங்கை கடைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்பானரோடு தரையில் படுத்து, மெஷினின் இடது பக்கத்துக் காலைக் கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டேன். எழுந்திருக்கத்தான் சுவர், வாளி, கதவு என்று எல்லாவற்றின் உதவியும் தேவைப்பட்டது. மாலையில் மெஷின் பிழிய ஆரம்பித்ததே பார்க்கணும்! அப்படி ஓர் ஆட்டத்தை அது இளமையில்கூட ஆடியதில்லை. நான் லேசாகத் தளர்த்தியதற்கே இவ்வளவு பலன் என்றால் என் கைராசியை என்ன சொல்வது! “என்னங்க, சீக்கிரம் வாங்க!” என்ற குரல் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து ஏறினேன். ஏறியவனை இரண்டு முறை கீழே தள்ளப் பார்த்தது, விடவில்லை. மெக்கானிக்கை மறுபடி கூப்பிடலாம் என்று உங்கள் மருமகள் ஆரம்பித்தாள். உங்கள் தங்கை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “எதுக்கு? அதான் அப்பா இருக்காரே.” கேட்டீர்களா? மெக்கானிக்கையும் சேர்த்து மூன்று பேருக்கும் தண்ணி காட்டிவிட்டு நான் என் பதவியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கும் துளி சந்தேகம் இல்லை. இந்த ரகசியம் நமக்குள் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு என் ஆசிகள். உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகி, உங்கள் வீட்டிலும் உங்களுக்கென்று ஓர் உருப்படியான வேலை அமையட்டும் என்று மனமார வாழ்த்தும்,

வெற்றி பெற்ற,
உங்கள் மைத்துனர்.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அவர் மதியம் ஸ்பானரோட தரையில படுத்த கதை இதைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். ஏன்னா அன்னைக்குக் காலையில அவர் நடக்கப் போயிருந்தப்போ நானும் இடுக்கியோட அங்கதான் படுத்திருந்தேன். அவர் இடது பக்கத்துக் கால்னா நான் வலது பக்கத்துக் கால். ரிட்டயர் ஆன புதுசுல அவர் சுவரையே பார்த்துக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருந்ததை நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன். அந்த மெஷின் ஆடாம நின்னதும், திரும்ப அந்த நாற்காலிக்கே போயிடுவாரோன்னு எனக்கு உசிரே இல்லை. அதோட நான் சொல்றதையும் வேற யார் உட்கார்ந்து கேட்கப் போறா? அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க, பாவம், ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கார். ஆனா இப்போ ரெண்டு காலும் சேர்ந்து ஆடுறதுல அவர் ஒருத்தர் கனம் பத்தலை. விழுந்து இடுப்பை ஒடிச்சுக்குவார் போல இருக்கு. அதனால நாளையிலேருந்து நானும் ஏறி உட்காரப் போறேன். இடம் கொஞ்சம் நெருக்கம்தான். பரவாயில்லை, கத்திப் பேச வேண்டியதில்லை.