யார் திறந்தாலும் புரியணும்

3-12 என்ற சாம்பிள் எண்ணை எக்ஸெல் டிசம்பர் மூன்றாம் தேதியாக மாற்றி வைத்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, நானூறு இடத்தில்.

உச்சிமாகாளி தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சி லேபில் அவன் டெம்பரரி. பத்து வருஷச் சோதனை விவரமும் மிஷினுக்கே உரிய ஏதோ ஒரு ஃபார்மட்டில் கிடந்தது. அந்த சாஃப்ட்வேரை விற்றவன் கடையை மூடிக்கொண்டு போய்விட்டான். இப்போது ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர்தான் அதைத் திறக்கும், அதுவும் அதற்கு மனசு வந்தால்.

வெள்ளிக்கிழமை ஆடிட். இருபது வருஷம் கழித்து யார் திறந்தாலும் புரிய வேண்டும் என்று ஆடிட்டர் முனிரத்தினம் எழுதியிருந்தார். ஆடிட் நல்லபடியாக முடிந்தால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம். சங்கரன்கோவிலில் பெண்வீட்டார் அந்த ஆர்டரைப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிப்பார்களாம்.

"பழசே இருக்கட்டும்பா, யாரு தொறந்து பாக்கப் போறா?" என்றார் மேனேஜர் சிவசங்கர். கேட்பானா இவன்?

எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கினான். படமாகக் கொடுத்தால் எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று ஆடிட்டர் போனிலேயே கடிந்துகொண்டார். வெறும் எழுத்தும் எண்ணும் மட்டுமே நிற்கும் சி.எஸ்.வி. ஆக்கினான். உடைந்த சாம்பிளுக்குப் போட்டிருந்த சிவப்பு நிறம் மாயமாகி, உடைந்ததும் உடையாததும் ஒன்றாகிவிட்டன. டிகிரிக் குறியெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது.

"எதுல வைக்கதுன்னே தெரியலயே சார்," என்று மேனேஜரிடம் புலம்பினான். பாவம், அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், உடைந்ததா இல்லையா, சோதித்தவர் பெயர் என்று சுத்தத் தமிழில், வெறும் டெக்ஸ்டாக எழுதிவைத்தான்.

வெள்ளிக்கிழமை ஆடிட்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. லேபுக்குச் சம்பந்தமில்லாத ஆள் யாராவது படித்துக் காட்டட்டும் என்றார். டீ கொண்டுவந்த பாப்பம்மாளையே பிடித்து உட்காரவைத்தார்கள். லேபைப் பெருக்கித் துடைப்பவள், மண்ணூர்க்காரி, எட்டாவது வரை படித்தவள். ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியைத் தொட்டார்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இருபத்திமூணு அக்டோபர், ரெண்டாயிரத்து இருபத்திமூணு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நாற்பது சோதனை. எதுவும் உடையவில்லை. சோதித்தவர் சிவசங்கர்."

ஆடிட்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்திலேயே இப்படி ஒரு ஆவணத்தைப் பார்த்ததில்லை என்று பேனாவைத் திறந்தார். உச்சிமாகாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவசங்கர் மட்டும் ஏனோ வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாப்பம்மாள் இன்னும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பேரன் பொறந்த தேதி சார் இது, அன்னிக்கு ஆயுத பூஜையாச்சே. மிஷின ஆஃப் பண்ணி நான்தான பொட்டு வச்சு மாலை போட்டேன், சாயந்தரம் வரிக்கும் யாரும் தொடவேயில்லயே?"