ஒரு பக்கத்துக்காகப் பதினேழு நாள் நோன்பு

மதிப்புக்குரிய துறைத் தலைவர் முனைவர் யெஷிஹரெக் அவர்களுக்கு,

முன்பு தங்களுக்குப் பாடம் நடத்தியவனும் இப்போது தங்களிடம் அவகாசம் கேட்பவனுமான விரிவுரையாளர் கெப்ரெயெசுஸ், தானா ஏரிக் கரையிலிருந்து பணிவுடன் எழுதுவது. நான் நலம். தங்கள் நலமும், தங்கள் மேசையில் கிடக்கும் என் பதவி உயர்வுக் கோப்பின் நலமும் அறிய ஆவல்.

ஆதிக் கிறிஸ்தவத் துறவிகள் விருந்தாளியாகப் போன இடத்திலும் நோன்பை முறிக்கவில்லை என்று பதினோரு வருடமாக நான் நூல் எழுதிவருவது தாங்கள் அறிந்ததே. அதற்கு ஆதாரமான பக்கம் இங்குள்ள தீவு மடத்துத் தோல் ஏட்டில் இருக்கிறது. மாத முடிவுக்குள் அதைப் பார்த்து நூலை முடிக்காவிட்டால் இணைப் பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போகும் என்ற தங்கள் கடிதமும் கிடைத்தது. வந்து பதினேழு நாளாகிறது. ஏட்டின் அட்டையைக்கூட நான் பார்க்கவில்லை.

காரணம் குர்ஷா, நம்மவர்கள் அன்பாக வாயில் ஊட்டிவிடும் அந்தக் கவளம். சிரிக்க வேண்டாம். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாதவர்தான் ஏட்டைத் தொடலாம் என்பது மடத்துப் பெரியவர் அருட்தந்தை தென்சாயெயின் சட்டம். முதல் நாள் படகேறக் கிளம்பும்போது, நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் அஸ்னாகெச் இஞ்செரா அப்பத்தைக் கிழித்து, பருப்புக் குழம்பில் தோய்த்து, கைமுட்டி அளவுக்கு உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். “இன்னிக்கு நோன்புங்க” என்றேன். அதைச் சொல்லத் திறந்த வாய் அவருக்குப் போதுமாக இருந்தது. ஒரு கவளத்தோடு நிறுத்துகிற வழக்கம் நம் நாட்டில் ஏது? மூன்று போயிற்று. மறுநாள் வாயே திறக்காமல் படகுக்கு ஓடினேன், நடு ஏரியில் படகுக்காரர் முலுகென் துடுப்பை வைத்துவிட்டுத் தன் பொட்டலத்தைப் பிரித்தார், அங்கிருந்து எங்கே ஓடுவது? மூன்றாம் நாள் தாடையில் துணி கட்டிப் பல்வலி என்று சைகை காட்டினேன். கரையிலிருந்த பெண்கள் ஆளுக்கொரு வைத்தியத்தை வாயில் திணித்தார்கள்.

தினமும் பெரியவர் வாசலிலேயே நின்று, “இன்னிக்காவது வெறும் வயித்தோட வந்தீங்களா?” என்று கேட்கிறார். பொய் சொல்லலாம்தான். நோன்பைப் பற்றி எழுதுகிறவன், நோன்பில் பொய் சொல்லிப் படித்த பக்கத்துக்கு அடிக்குறிப்பு எப்படிப் போடுவது? நேற்று உண்மையாகவே பட்டினியாகப் போய் நின்றேன். பெரியவர் மகிழ்ந்துபோய் என்னை ஆசீர்வதித்து, ஒரு துண்டு ரொட்டியைத் தன் கையாலேயே என் வாயில் போட்டுவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னார்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. இதுவும் தவறினால் விரிவுரையாளனாகவே ஓய்வு பெறுவேன். தயவுசெய்து ஒரே ஒரு வாரம் கொடுங்கள்.

தங்கள் வீட்டாருக்கும் என் கோப்புக்கும் அன்னை மரியாளின் காவல் இருக்கட்டும்.

பணிவுள்ள,
கெப்ரெயெசுஸ்

பின்குறிப்பு: இக்கடிதத்தை மடத்துப் படகில் அனுப்பக் கொடுத்தேன். பெரியவர் பிரித்துப் படித்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, எதுவும் கேட்காமல் ஏட்டை எடுத்து வந்தார். நான் தேடிவந்த பக்கத்தில், விருந்தாளியாகப் போனவன் ஊட்டும் கையை மறுக்காமல் நோன்பை முறிக்கட்டும், அதுவே அவன் நோன்பு என்று இருக்கிறது. என் நூல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் தவறு. இது தெரிந்துமா என்னைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். “முன்னால வந்தவங்க ஒரே நாள்ல படம் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் தினமும் வந்தீங்க, அதை விட எனக்கு மனசு வரல” என்றார். ஆகவே ஒரு வாரம் வேண்டாம். பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பதினோரு வருடம் நான் தப்பாக எழுதியதை அஸ்னாகெச் அம்மாள் முதல் நாளே என் வாயில் திணித்துச் சொல்லியிருக்கிறார். நான்தான் மென்று விழுங்கிவிட்டேன்.