முரடன் அரைக்கதவு பூண்ட படலம்

அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வண்டிக்கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எடையளவுத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய மனைவி, கால்நடை மருத்துவரான அவர்கள் மகள், வண்டியோட்டும் பள்ளி நடத்தும் மனைவியின் தம்பி, இரண்டு சோடி அரைக்கதவுகளோடு வந்திறங்கிய பட்டறைக்காரர். ஆறாவதாக, நான்கு சக்கரத்தாலும் சேற்றை உழும் முரடன் என்னும் பழைய ஜீப் நின்றது. அதை ஆளாகக் கணக்கில் சேர்ப்பதா என்பது குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை. வேறு எவரும் அங்கே இல்லை. தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிபவர்களை நம்ப வேண்டாம்.

வாழ்க பெரியவர். தராசுத் தட்டுகளின் தருமம் காத்த தகைமையாளர், கள்ளப் படிக்கல்லைக் கண்ட மாத்திரத்தில் பிடரி சிலிர்க்கும் பெருஞ்சிங்கம், அவர் தெருமுனையில் திரும்பும் செருப்போசை கேட்டே கடைவீதித் தராசுகள் எல்லாம் தாமாக நேர்முள் காட்டி நின்ற புகழுக்கு உரியவர், அறுபத்துநான்கு வயதிலும் கொடிக்கம்பத்தை விழுங்கியவர் போல் முதுகு வளையாதவர், வாழ்க. அவர் கையால் நிறுக்காத பொருள் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. மகள் பிறந்தபோது மருத்துவமனை சொன்ன எடையையே அவர் ஏற்கவில்லை. குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து தாமே ஒருமுறை நிறுத்து, நாற்பது கிராம் வித்தியாசத்தைச் சுட்டிக் கடிதம் எழுதிய பிறகே பெயர் வைத்தார்.

இனி இந்தப் போரின் காரணம். முரடனின் பழைய கதவுகள் ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. கோட்டைவாயில் போல் கனத்து, துருவேறிய கீல்களில் யானை பிளிறுவது போல் ஓலமிட்டுத் திறப்பவை. மகளோ மலைச்சரிவுப் பண்ணைகளுக்குப் போய் மாடு பார்க்கிறவள். பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் முன்சக்கரம் எங்கே மிதிக்கிறது என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தால்தான் அந்தப் பாதையில் ஏற முடியும். பழைய கதவின் கண்ணாடியோ பாதியில் இறங்கிப் பாதியில் முரண்டு பிடிக்கும். ஆகவே இடுப்பளவே உயர்ந்த, கண்ணாடி இல்லாத, தனியாளாகத் தூக்கி மாட்டிக் கழற்றக்கூடிய லேசான அரைக்கதவு வேண்டும். மறுநாள் காலை மலைமேல் நாற்பது மாடுகள் அவளுக்காகக் காத்திருந்தன.

கொட்டகைச் சுவரில் இரண்டு படைகள் சாய்ந்து நின்றன. ஒருபுறம் இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கதவு, தகடே இல்லாமல் விலா எலும்பு தெரிய நிற்கும் வற்றல் வீரன். மறுபுறம் அலுமினியத் தகட்டுக் கதவு, காலை வெயிலை முகத்தில் வாங்கிக் கண்ணைப் பறிக்கும் வெள்ளிக் கவசத்தான். முதல்வனுக்குத் தளபதி தாய்மாமன். இரண்டாமவனுக்கு மகள்.

"மாமா, கதவுன்னா கொஞ்சமாவது மூடணும். நீங்க சொல்றது கதவோட எலும்புக்கூடு."

"முரடன் உருண்டா இந்த எலும்புக்கூடுதான் தாங்கும். உன் தகடு தீப்பெட்டி மாதிரி நசுங்கிடும்."

"உருளுற மாதிரி ஓட்டுறதெல்லாம் உங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கிறது, மாமா. எனக்கு வராது."

அம்பும் மறு அம்பும் வானத்தில் முட்டிப் பொறி பறந்த அவ்வேளையில் பெரியவர் கையை உயர்த்தினார். கொட்டகை அடங்கியது. முரடனின் அடியில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய்கூட ஒரு துளியைப் பிடித்து வைத்துக்கொண்டது.

"எது லேசு என்பதை எடை சொல்லும்," என்று அறிவித்தார். "எடை எது என்பதை நான் சொல்வேன்."

பட்டறைக்காரர் பணிவாகச் சொன்னார். "தகட்டுக் கதவு ஒன்பது கிலோ சார். குழாய்க் கதவு பன்னிரண்டு."

"வாய்ச்சொல்லை எடை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை."

உடனே குளியலறையிலிருந்து கண்ணாடித் தட்டு பதித்த எடைக்கருவி வெளிவந்தது. சாதாரணக் கருவியன்று அது. அன்று விடியலிலேயே பெரியவர் தம் பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றிச் சோதித்து, முதுகில் தேதியிட்ட சீட்டு ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் கதவைக் கருவியின்மேல் வைத்தால் கதவே எண்ணை மறைத்துவிடுகிறது. குனிந்தும் படுத்தும் பார்த்தார்கள். எண் தெரியவில்லை. எனவே ஒருவர் கதவை ஏந்திக் கருவியில் நிற்க வேண்டும். வரும் எண்ணிலிருந்து அவருடைய எடையைக் கழிக்க வேண்டும்.

"ஆட்டுக்குட்டிய நான் இப்படித்தான் நிறுப்பேன்," என்றாள் மகள். "ஆனா முதல்ல நான் தனியா ஏறிப் பார்த்துக்குவேன். நீங்களும் ஒரு தடவை தனியா ஏறுங்கப்பா."

"என் எடை எனக்குத் தெரியாதா? எழுபத்துநாலு. ஓய்வு பெற்ற அன்னிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஆறு வருஷமா அதே கால்சட்டைதான் போடறேன், ஒரு விரற்கடை மாறல."

அவருடைய மனைவி முரடனின் பின்சக்கரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எந்தச் சக்கரத்தையும் அப்படிப் பார்த்ததில்லை.

பெரியவர் கதவை எடுத்தார். மலையைப் பெயர்த்து மார்போடு அணைத்த மாவீரன் என, அலைகடலுக்கு அணைபோடப் பாறை சுமந்த பெருந்தோளன் என, தகட்டுக் கதவைத் தழுவி, மூச்சை உள்ளிழுத்து, இடது கால் முன்னாகவும் வலது கால் பின்னாகவும் கண்ணாடித் தட்டில் ஏறி நின்றார். எண்கள் போர்க்களத்துப் புழுதியில் ஓடும் குதிரைகள் போல் தடுமாறி ஓடி ஓரிடத்தில் நின்றன.

"தொண்ணூறு," என்று மதில் அதிர முழங்கினார். "கழிக்க எழுபத்துநாலு. பதினாறு."

அடுத்துக் குழாய்க் கதவு. "தொண்ணூத்துமூணு. பத்தொன்பது."

ஒன்பது என்றது பதினாறு. பன்னிரண்டு என்றது பத்தொன்பது. வேறு வேறு உலோகத்தில், வேறு வேறு வடிவத்தில் செய்த இரண்டு கதவுகளிலும் பொய் எப்படி ஒரே அளவாக ஏழு கிலோ வந்தது என்று அந்தக் கணத்தில் எவராவது கேட்டிருந்தால் இந்தக் காவியம் இங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. பெரியவரின் மீசை நுனிகள் இரண்டு வேல்களாக நிமிர்ந்தன.

"கதவுக்கு ஏழு கிலோ பொய். என் வீட்டு வாசலில், என் கண்ணெதிரில். எடுத்துச் செல்லும்."

பட்டறைக்காரர் கதவுகளைத் தம் சிற்றுந்தில் அடுக்கிக் கயிற்றை எடுத்தார். முதல் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா கதவு செய்யறேன் சார். என் எடையை யாரும் பொய்ன்னு சொன்னதில்ல. என் பட்டறைத் தராசுல முத்திரை குத்தினதே நீங்கதான். அதே நீங்க இப்படிச் சொல்லிட்டீங்க, பரவால்ல."

மகளின் முகம் வாடிற்று. நாளைய மலைப்பாதை அந்தக் கயிற்று முடிச்சுக்குள் அடைபட்டுக்கொண்டிருந்தது. அப்போது தாய்மாமன், எதிரிப் படையின் கதவென்றும் பாராமல், தகட்டுக் கதவைக் கயிற்றிலிருந்து உருவினார்.

"ஒரு நிமிஷம் அத்தான். நான் ஏறிப் பார்க்கறேன்."

அவர் தனியாக ஏறினார்: அறுபத்தாறு. கதவோடு ஏறினார்: எழுபத்தைந்து.

"ஒன்பதுதான் வருது அத்தான்," என்றார். வெற்றிக் களிப்பே இல்லாமல், ஏதோ தாம் தவறு செய்துவிட்டது போல் மெல்லச் சொன்னார்.

அந்தக் கணத்தை எதற்கு ஒப்பிடுவது? இரு பெரும் படைகள் மோதும் முன் முரசுத் தோலின்மேல் கோல் விழாமல் நின்ற கணம் அது. பெரியவரின் நெஞ்சுக்குள் மட்டும் போர் மூண்டது. தப்பிச் செல்ல ஒரு வழி இருந்தது. கருவி பழுது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதன் முதுகில் இருந்தது அவருடைய கையெழுத்து. கையெழுத்தைக் காட்டிக்கொடுத்து முகத்தைக் காப்பாற்றிக்கொண்ட ஆள் அந்தக் குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. ஆக, கருவி சரி, மைத்துனன் சரி, கதவு சரி. அந்தக் கணக்கில் நிறுக்கப்படாத எண் ஒன்றே ஒன்று மீதி இருந்தது.

ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு தராசுக்கும் மறுமுத்திரை இட வேண்டும் என்பது விதி. போன வருஷம் சரியாத்தானே சார் இருந்துச்சு என்று கெஞ்சிய வணிகர் எத்தனை பேர். போன வருஷத்து முத்திரை இந்த வருஷத்துக்குச் சாட்சி சொல்லாது என்று அவர்களுக்குச் சொன்ன அதே வாய், ஆறு வருஷத்து எழுபத்துநாலைச் சற்று முன்தான் முழங்கியிருந்தது. குனிந்து பார்த்தார். கால்சட்டையின் இடுப்புப் பட்டையில் ஒரு தையல் மட்டும் சற்றே வேறு பழுப்பு. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் இப்போது முன்சக்கரத்துக்கு வந்திருந்தார்.

"ஏங்க, முட்டி வலிக்குதுன்னீங்களே. உள்ள வந்து உட்காருங்க. கதவு எங்க போயிடப் போகுது?"

முட்டி வலி என்று அவர் சொன்னதே இல்லை. வெளியேறுவதற்கென்று அன்போடு திறந்து வைத்த திட்டிவாசல் அது. பெரியவர் அதன் வழியே போகவில்லை.

களம் புகும் வீரர் ஆயுதம் பூணுவர், இவரோ களைந்தார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு போயிற்று. சாவிக்கொத்து போயிற்று. கைக்கடிகாரம், பணப்பை, தோற்கச்சை என ஒவ்வொன்றாக முரடனின் எஞ்சின் மூடிமேல் அடுக்கினார். எல்லாம் சேர்ந்தும் அரைக்கிலோ தேறாது, முழுக்கிலோ மட்டும் காட்டும் கருவி அதைப் பொருட்படுத்தவும் செய்யாது. கச்சை போன பின்னும் கால்சட்டை இறுக்கமாகவே நின்றது. அதுவும் ஒரு சாட்சி. பிறகு பட்டறைக்காரரைப் பக்கத்தில் அழைத்து நிறுத்தி, எண்ணை அவரே படிக்கட்டும் என்று சொல்லி, மூச்சை இழுக்காமல் ஏறினார்.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"படியுங்கள்."

"எண்பத்தொண்ணு சார்."

"கதவு ஒன்பது," என்றார் பெரியவர், தட்டிலிருந்து இறங்காமலே. "மீதி ஏழும் நான். உங்கள் எடையில் பிழையில்லை. என் முத்திரை காலாவதியாகி ஆறு வருஷமாகிறது. உங்களைச் சொன்னது தவறு."

பட்டறைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "சாயந்தரம் என் தராசையும் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துடுங்க சார். எதுக்கு வம்பு," என்றார்.

முதலில் சிரித்தவள் மகள். பின் தாய்மாமன். மனைவி தம் சக்கர ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு வந்து, "வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சுத் தைச்சேன். போன வருஷம் மட்டும் ரெண்டு தடவை," என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் பிரிக்கிறதை நிறுத்தியிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மனசு வரல."

பெரியவரின் மீசை சற்று நேரம் எதையோ தாங்கிக்கொண்டு துடித்தது. பிறகு அவரும் சிரித்தார். கொடிக்கம்பம் சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி, மேலிருந்து கீழ்வரை ஆடினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வெற்றி உலா. துருக்கீல்களின் கடைசிப் பிளிறலோடு பழைய கோட்டைவாயில்கள் இறங்கின. தகட்டுக் கதவுகளை மகள் ஒற்றையாளாகத் தூக்கி, ஒரு கையால் கீலில் செருகி, மறு கையால் தாழிட்டாள். "உருண்டா என்னைக் கூப்பிடாத," என்று அவளிடம் சொல்லிவிட்டு, தாய்மாமன் சிற்றுந்தில் கிடந்த தம் படையின் குழாய்க் கதவுகளுக்கு விடைகொடுத்தார். முரடன் உறுமினான். ஓட்டும் இருக்கையில் மகள். பின்னால் தம்பியும் அக்காளும். முன்னிருக்கையில், வெள்ளிக் கவசத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, காற்று மீசையைக் கோதிவிட, கண்ணாடிச் சிறையும் கனத்த இரும்பும் நீங்கிய பெருமிதத்தில், முதுகு ஓர் இம்மியும் சாயாமல், பெரியவர். அக்கம்பக்கத்து மூன்று தெருக்களையும் இரண்டு முறை சுற்றினார்கள். மூன்றாவது முறை அவரே கேட்டுச் சுற்றினார்கள்.

பெரியவரின் எடை தொண்ணூறு என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். அது கதவோடு சேர்த்து.