சிங்கப்பூர் போட்ட தலைக்கட்டு வரி

"எங்க ஊரு வரிய அங்கன உக்காந்துக்கிட்டு நீ எப்படிப்பா சொல்லுவ?" என்று சுருளிராஜன் கேட்டு முடிப்பதற்குள் செல்போனில் படம் நின்றுவிட்டது.

சிங்கப்பூரில் சுரேஷ்கண்ணன் வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தான். பதில் தெரியாமல் விழிப்பது போலத்தான் இருந்தது. சுருளிராஜன் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தார். படம் மறுபடி அசைந்தது.

"உலகப் பேரவை எடுத்த முடிவுண்ணே. எல்லாக் கிளைக்கும் ஒரே வரி. தலைக்கட்டுக்கு மூவாயிரம்."

கரட்டடி அய்யனாரைக் கும்பிடும் பங்காளிகள் ஒருகாலத்தில் காமயகவுண்டன்பட்டியிலும் பழனிசெட்டிபட்டியிலும் மட்டுமே இருந்தார்கள். இப்போது சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அதனால் சித்தப்பா மகன் சுரேஷ்கண்ணன் தலைமையில் உலகப் பங்காளிகள் பேரவை என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரையும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

மாசி சிவராத்திரிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் தலைக்கட்டு வரி. அதுவரை அந்தந்த ஊரே அதை முடிவு செய்தது. பழனிசெட்டிபட்டியில் இரண்டாயிரம். காமயகவுண்டன்பட்டியில் முந்நூறு. அங்கே வரி பிரிப்பவர் சுருளிராஜன்.

"பழனிசெட்டிபட்டில இருக்கவன் சம்பளக்காரன், கடைக்காரன். இங்கன திராட்சைத் தோட்டம். ஒரு மழை பேஞ்சா பழம் வெடிச்சுப் போகும். ரெண்டு பேருக்கும் ஒரே வரியா?"

"நீங்க கம்மியா வச்சிருக்கீகன்னு அந்த ஊரு ஆளுக பாதிப் பேரு ஒங்க கணக்குல வந்து உக்காந்துட்டாகண்ணே. கேட்டா பொறந்த மண்ணுங்குறாக. பந்தல் செலவெல்லாம் மிச்சப் பேரு தலைல விழுது. எல்லா ஊருக்கும் ஒரே வரின்னா எவனும் எங்கயும் ஓட மாட்டான்ல."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருப்பது தெரிந்ததும் சுருளிராஜனுக்குக் குரல் உயர்ந்தது.

"கட்ட முடியாது, போ."

"கட்டாதவுக கோயில்ல பொங்கல் வைக்க முடியாதுண்ணே. மொட்டை, காதுகுத்து எதுவும் கிடையாது."

காதுகுத்து என்றதும் சுருளிராஜன் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவருடைய தம்பி பாண்டீஸ்வரனின் பேத்திக்கு இந்தச் சிவராத்திரிக்குத்தான் காதுகுத்து. தம்பியின் தோட்டத்தில் இந்த வருஷம் மழை ஒரு கொத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மூவாயிரம் அவனுக்குப் பெரிது. கொடுத்தால் வாங்கமாட்டான். கொடுக்கவும் வழியில்லை. பொதுக் கிணற்றின் மோட்டாரைக் கடைசியாக ஓடவிட்டு எரித்தது யார் என்ற கேள்வியில் பேச்சு நின்றுபோய், பல வருஷமாக அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மௌனம் நாள்பட்டால் அதற்கும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. முதலில் கலைப்பவன் தோற்றவன் ஆகிவிடுகிறான்.

அந்தக் குழந்தையின் காது அய்யனார் கோயிலில்தான் குத்தப்பட வேண்டும். தம்பிக்கு அதில் தன் கை இருப்பது தெரியக்கூடாது. சுருளிராஜன் ஒரு பொழுது முழுக்க யோசித்துவிட்டு, மனைவி அனுசுயாவிடம் சொன்னார்:

"மூவாயிரம் வாங்குவோம். வாங்கிட்டு, தேங்காய்ச் செலவுக்குன்னு ரெண்டாயிரத்து எழுநூறத் திருப்பிக் குடுத்துருவோம்."

"அம்புட்டுத் தேங்காய ஒடைக்கக் கூலிக்கு ஆளு விடணும்," என்றாள் அனுசுயா.

விஷயம் வெளியே போக அதிக நேரம் ஆகவில்லை. பழனிசெட்டிபட்டியின் மீதிப் பாதியும் டவுன் பஸ் ஏறி வந்து பிறந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட்டது. துபாயிலிருந்து குரல் பதிவு வந்தது: "அண்ணே, என்னையும் ஒங்க ஊருலயே போட்டுருங்க. தேங்காய்க் காச ஜிபே பண்ணிருங்க." குமுளிக்காரர் நேரிலேயே வந்து, "சேட்டா, ஞானும் இந்த ஊருதானே," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பேரவை அவசரமாகக் கூடியது. திருப்பிக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. கூடவே புதிதாக ஒரு விதி வந்தது. ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள் எத்தனை குடும்பமானாலும் ஒரே தலைக்கட்டு.

அதைப் படித்ததும் சுருளிராஜனுக்கு மேகமலைக் காற்று முகத்தில் பட்டது போல இருந்தது. ஒரே தலைக்கட்டு என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே வரி; அதைத் தானே கட்டிவிடலாம். "நானும் எந்தம்பியும் ஒரே உலைதான்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அனுசுயா கரண்டியோடு வெளியே வந்தாள். "எந்த உலை?"

"நம்ம உலைதான்."

"இம்புட்டு வருசமா அதுல அரிசி போடுறேன். ஒங்க தம்பிய ஒருநாளும் அதுல பாத்ததில்லையே."

அதற்குள் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்துவிட்டது. பேரவையின் சார்பில் மகாலட்சுமி நேரில் வந்து பார்ப்பாள். பழனிசெட்டிபட்டிப் பங்காளி வீட்டு மருமகள். தேனியில் ஆடிட்டர் ஆபீசில் வேலை. எப்போது வருவாள் என்று சொல்ல மாட்டார்களாம்.

இனி தம்பியைக் கூப்பிடாமல் முடியாது. சுருளிராஜன் போகவில்லை. அனுசுயாவை அனுப்பிவிட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார். அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"சரின்னாக."

"எதுக்குன்னு கேக்கலயா?"

"கேக்கல. செருப்ப மாட்டிக்கிட்டாக."

பாண்டீஸ்வரனின் மனைவி மலையம்மாள் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மகனும் மருமகளும் குழந்தையும். அன்று மகாலட்சுமி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எந்த நேரமும் வரலாம் என்பதால் மூன்று வேளையும் எல்லோரும் இங்கேயே சாப்பிட வேண்டியதாயிற்று.

அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"ரசம் வேணுமான்னு கேளுத்தா," என்றார் சுருளிராஜன், மலையம்மாளிடம்.

"வேணும்னு சொல்லு," என்றார் பாண்டீஸ்வரன், அவளிடமே.

"நான் என்ன தபாலாபீசா?" என்று மலையம்மாள் ரசச் சட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சட்டி ஆறிக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரன் ஒரு கரண்டி எடுத்து அண்ணன் இலையில் ஊற்றினார்.

"போதும்," என்றார் சுருளிராஜன், ரசத்தைப் பார்த்து.

மறுநாள் மதியம் பாண்டீஸ்வரன், "உப்பு கூடிப்போச்சு," என்றார்.

"ஆமா," என்றார் சுருளிராஜன்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இருவரும் பயந்துபோய் அடுப்படியைப் பார்த்தார்கள். உப்புப் போட்டது யார் என்று இன்றுவரை இரண்டு பெண்களும் சொல்லவில்லை.

ஊரில் மற்ற அண்ணன் தம்பிகளும் அடுப்புகளைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். சில வீடுகளில் சோறு வெந்தது. சில வீடுகளில் சண்டை வெந்தது.

ஒருவழியாக மகாலட்சுமி வந்தபோது ஸ்கூட்டி நிற்கும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே சாப்பாட்டு நடுவில் பெரிய கூச்சல்.

"ஏலே, மோட்டார எரிச்சது நீதான்லே."

"நான் அன்னைக்கி உத்தமபாளையத்துல இருந்தேண்ணே. நீயே போட்டுட்டு மறந்துட்ட."

"எனக்கா மறதி? நீ தொட்டில்ல இருந்தப்ப மாடு வந்து நக்குனதுகூட ஞாபகம் இருக்கு எனக்கு."

"அதுக்கும் மோட்டாருக்கும் என்னண்ணே?"

மகாலட்சுமி அடுப்பை எட்டிப் பார்த்தாள். ஒரே பானை. குழந்தை சுருளிராஜன் மடியில் உட்கார்ந்து அவர் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. மகாலட்சுமியும் உட்கார்ந்து சாப்பிட்டாள். கை கழுவியதும் சொன்னாள்:

"வேற வீட்டு ஆளுகன்னா இம்புட்டு உரிமையாச் சண்ட போட மாட்டாக. ஒரே உலைதான் மாமா. ஒரே தலைக்கட்டு. காதுகுத்துக்கு நான் சிங்கப்பூருக்குச் சொல்லிர்றேன்."

சுருளிராஜனுக்கு நெஞ்சு விரிந்தது. வாசல்வரை போய் வழியனுப்பினார். உள்ளே தம்பி குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி சுருளிராஜன் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தியாத்தா, ஒலகமே சேந்து சட்டம் போட்டாலும் அதுல ஓட்டையக் கண்டுபிடிக்க நம்ம ஊருல ஆளு இருக்கு. இது அவனுக்குத் தெரிய வேணாம்."

மகாலட்சுமி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"வரிய ஏத்தச் சொல்லி சிங்கப்பூருக்குப் போன் போட்டதும், அந்த உலை விதியச் சேக்கச் சொன்னதும் ஒங்க தம்பிதான மாமா. 'எங்கண்ணன் என்னையச் சோத்துக்குக் கூப்பிடுற வரைக்கும் வரிய ஏத்திக்கிட்டே இருங்க'ன்னு சொன்னாக."