எஸ்தர் டீச்சரின் ஒன்பதாவது டோக்கன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சிட்லபாக்கம் ஏரி நிரம்பி வழிந்ததை நான் கண்டிருக்கிறேன். டோக்கன் சாரின் ஓட்டல் செலவு வரம்பைத் தாண்டி வழிந்ததை ஒருநாளும் கண்டதில்லை. குடும்பத்தோடு ஓட்டலுக்குள் நுழைந்து, நினைத்த தொகைக்குள் சாப்பிட்டு, சிரித்த முகத்தோடு வெளியே வந்த மனிதர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவரே என்பது, எதிர்வீட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த என் துணிபு.

அவர் வகுத்த முறை எளியது. பழைய காலண்டர் அட்டையைச் சீட்டுகளாக நறுக்கி, 'டிபன் ஒன்று' என்று எழுதிக் கையொப்பமிடுவார். அதுதான் டோக்கன்; தெரு அவருக்கு வைத்த பெயரும் அதுவே. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், குரோம்பேட்டையில் ஓர் ஓட்டல் வாசலில் நின்று, தமக்கும் மனைவி எஸ்தர் டீச்சருக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கொன்றாக வழங்குவார். ஒரு டோக்கனுக்கு ஒரு டிபன். காபி பொது. பயன்படுத்தாத டோக்கன் காலாவதியாகாது. வீட்டுக் கடன் கழுத்தை நெரித்த அந்நாட்களில், இந்த ஏற்பாடு இல்லையேல் அக்குடும்பம் ஓட்டலை வெளியிலிருந்தே பார்த்திருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

நெய் ரோஸ்டுக்கு ஒன்றரை டோக்கன் என்று ஒருநாள் அறிவித்தார்.

"அரை டோக்கனுக்கு நான் எங்கப்பா போறது?" என்றான் மகன்.

"தங்கச்சிகிட்ட கேளு."

"பாதி ரோஸ்ட் எனக்குன்னா தரேன்" என்றாள் அவள்.

உடனே டோக்கன் சார் சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். பரிமாறும் மணி பதறிப்போனார். "சார், கத்திரிய உள்ள வெச்சிடு சார். பக்கத்து டேபிள்ல குழந்த அழுவுது!"

பல்லாவரத்திலிருந்து வந்த மைத்துனர் இரண்டாவது போண்டா கேட்டபோதும் இதே கண்டிப்புதான்.

"விருந்தாளி டோக்கன் ஒண்ணுதான் மாப்ள."

"என்ன மாமா, இது ஓட்டலா ரேஷன் கடையா?"

"ரேஷன் கடையில உக்கார நாற்காலி போடுவானா?"

மகன் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் "இன்னிக்கு என் ட்ரீட்" என்று மார்தட்டினான். "சந்தோஷம். டோக்கன் எங்கடா?" என்றார் தந்தை.

எஸ்தர் டீச்சர் மட்டும் பல மாதங்கள் காபியோடு நிறுத்திக்கொள்வார். "எனக்கு வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க" என்பார். "எங்க வீட்டம்மாவுக்கு ஓட்டல் டிபனே பிடிக்காது சார். ஆண்டவர் எனக்குக் குடுத்த வரம்" என்று டோக்கன் சார் தெருவெல்லாம் பெருமை பேசுவார். நானும் அதை என் மனைவியிடம் உதாரணம் காட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு மழைக்காலத்தில், பத்தே நாள் காய்ச்சலில் டீச்சர் காலமானார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், டோக்கன் சார் டீச்சரின் வேதாகமத்தோடு என் வீட்டுக்கு வந்தார். பக்கங்களுக்கிடையே அடையாளமாகச் செருகிய ஒன்பது டோக்கன்களை எடுத்து மேசையில் பரப்பினார். பின்புறத்தில், மாணவர் நோட்டுகளைத் திருத்தும் அதே சிவப்பு மையில், அழகான கையெழுத்து. 'பூரி கிழங்கு'. 'அடை அவியல்'. 'சோளாபூரி, பக்கத்து மேசையில் பார்த்தது'.

"பிடிக்காதுன்னுதானே சார் சொன்னா?" என்றார்.

டீச்சர் சொன்னது 'வேண்டாம்'; 'பிடிக்காது' என்று சொன்னவர் இவர். அதை விடுத்து, சீட்டுகளை அடுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு முதல் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மாதம் ஒரு டோக்கன். அதில் எழுதியிருப்பதை வரவழைத்து, ஒன் பை டூ போடச் சொல்லி, பாதியை என் பக்கம் தள்ளுவார். இரண்டு வாய் உண்டபின், "நல்லாத்தான் சார் இருக்கு. சொல்லியிருக்கலாம்ல?" என்பார். எட்டு மாதமும் அதே கேள்வி. என் பாதியை உண்டுமுடித்தேன்.

ஒன்பதாவது டோக்கனின் பின்புறம் வெறுமையாக இருந்தது.

"இன்னா சார் கொண்டாரட்டும்?" என்றார் மணி. அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

டோக்கன் சார் சீட்டை இருமுறை புரட்டினார். "மணி, டீச்சரம்மா உன்கிட்ட எப்பவாச்சும் எதுனா கேட்டிருக்காங்களா?"

"அம்மாவா? ஒண்ணும் கேட்டதில்ல சார். கை கழுவப் போறப்போ பக்கத்து டேபிளாண்ட நின்னு, 'அது என்னப்பா'ம்பாங்க. பேரச் சொல்வேன். சிரிச்சிகினே பூடுவாங்க."

டோக்கன் சார் எழுந்தார். கை கழுவும் இடம்வரை மெல்ல நடந்து, ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே திரும்பிவந்து அமர்ந்தார்.

"எதுன்னு தெரியல சார்" என்றார்.

காபி மட்டும் குடித்துவிட்டு எழுந்தோம். அன்றும் செலவு வரம்பைத் தாண்டவில்லை.

இப்போது அவர் சிறுசேரியில் மகனோடு இருக்கிறார். புறப்படும்போது அந்த டோக்கனை என் கையில் வைத்தார். "அங்க போன்ல சொன்னா டிபன் வீட்டுக்கே வந்துடுது சார். இது உங்ககிட்ட இருக்கட்டும்."

முதல் ஞாயிறுதோறும் தவறாமல் போனில் அழைக்கிறார்.

"சார், டோக்கன் பத்திரமா?"

"பத்திரம்."

"அவ என்ன கேட்டிருப்பான்னு இன்னும் தெரியல சார்."

"அவசரமில்ல சார். காலாவதியாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு வயது எழுபத்தெட்டு. டோக்கன் என் கைதவறிப் போகக்கூடும். ஆதலால் ஐயா, அம்மா, இந்தக் குறிப்பையேனும் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.